மதியம் 12 மணிக்கு உங்க கார் எங்க நிக்குது?

வாசகர் கேள்வி - பதில்

எலெக்ட்ரிக் காரை சோலார்ல சார்ஜ் பண்றது லாபமா இல்லையான்னு கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம், வந்த கடிதத்தையெல்லாம் பிரிச்சுப் பார்த்தா பாதிப் பேர் ஏற்கனவே மாடில பேனல் போட்டவங்க, மீதிப் பேர் காரை வாங்கிட்டு அடுத்து என்ன பண்றதுன்னு முழிக்கிறவங்க. கரண்ட் ரேட் இடத்துக்கு இடம் மாறும், ரூலும் மாறும், அதனால பணத்துல சொல்லாம யூனிட் கணக்காவே சொல்றேன், உங்க பில்லை எடுத்து பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்களே பெருக்கிப் பார்த்துக்கலாம்.

கேள்வி: சார், மாடில சோலார் போட்டாச்சுன்னா அதுக்கப்புறம் எலெக்ட்ரிக் கார் ஓட்டுறது இலவசம்தானே? என் நண்பர் ஒருத்தர் பைசா செலவில்லாம ஓட்டுறேன்னு பார்க்குறப்பல்லாம் சொல்றார், கேட்டுக் கேட்டு கடுப்பாகுது.

பதில்: பேனலுக்குக் கொடுத்த காசை உங்க நண்பர் மறந்துட்டார், அவ்ளோதான் விஷயம். மறக்கிறது மனசுக்கு நல்லது, கணக்குக்கு ஆகாது.

சோலார்ல வர்ற ஒரு யூனிட்டுக்கு ரெண்டு விலை இருக்கு. முதல் விலை, அதை உண்டாக்க ஆன செலவு. பேனல், பேனல் கரண்டை வீட்டு கரண்டா மாத்துற இன்வெர்ட்டர், ஸ்டாண்ட், வயரிங், ஆள் கூலி எல்லாத்தையும் கூட்டிக்கோங்க, பேனல் 25 வருஷம் தாங்கும் ஆனா இன்வெர்ட்டர் பொதுவா 10லேர்ந்து 15 வருஷம்தான், அதனால நடுவுல ஒரு தடவை மாத்துற செலவையும் சேத்துக்கோங்க, அப்புறம் மொத்தத்தையும் 25 வருஷத்துல வரப்போற யூனிட்டால வகுங்க. 1 கிலோவாட் பேனல் நல்லா வெயில் அடிக்கிற இடத்துல வருஷத்துக்கு 1,400, 1,500 யூனிட் தரும், வட ஐரோப்பா மாதிரி மேகம் கட்டிக்கிட்டே இருக்கிற இடத்துல 900, 1,000 வந்தாலே பெருசு. வருஷா வருஷம் அரை சதவீதம் போல உற்பத்தி குறைஞ்சுக்கிட்டே வரும். முதல் வருஷம் 1,400ன்னு ஆரம்பிச்சா 25 வருஷத்துல சுமார் 33,000 யூனிட். உங்க 1 கிலோவாட்டுக்கு ஆன செலவை 33,000ஆல வகுத்துப் பாருங்க, நிறைய இடத்துல வர்ற விடை கரண்ட் பில்லுல இருக்கிற ரேட்டை விட நல்லாவே கம்மியா இருக்கும், ஆனா பூஜ்யமா இருக்காது.

இந்த முதல் விலை கூட ஒரு தடவை பேனலைப் போட்டுட்டீங்கன்னா முடிஞ்சு போன கதை, தினம் தினம் முடிவெடுக்க உதவாது. தினம் உதவுறது ரெண்டாவது விலை. அந்த யூனிட்டை காருக்குப் போடாம இருந்திருந்தா உங்களுக்கு அது என்ன சம்பாதிச்சுக் கொடுத்திருக்கும்? அதுதான் அந்த யூனிட்டோட உண்மையான விலை, யாரும் பில்லு போட்டுத் தர மாட்டாங்க, நாமளேதான் கண்டுபிடிக்கணும்.

இது உங்க இடத்துல இருக்கிற ரூலைப் பொறுத்து மாறும். நெட் மீட்டரிங் இருந்து, கொடுத்த ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் அப்படியே கழிச்சுக் கொடுக்குறாங்கன்னா, கிரிட், அதாவது மின்வாரிய லைன், உங்களுக்கு வாடகை இல்லாத லாக்கர் மாதிரி. பகல்ல வச்சுட்டு ராத்திரி எடுத்துக்கலாம், எத்தனை மணிக்கு சார்ஜ் பண்ணாலும் செலவு ஒண்ணுதான், அது கிரிட் கரண்டோட முழு விலைதான். ஆமா, முழு விலை. ஏன்னா காருக்குப் போன யூனிட் வீட்டு பில்லுல கழிஞ்சிருக்கும். இந்த ரூல்ல சோலார் தனி லாபம், கார் தனி லாபம், ஒண்ணை வாங்குனதால இன்னொண்ணு கூடுதலா லாபமாகிறது கிடையாது. சோலார் கம்பெனி ஆள் ரெண்டையும் சேத்து ஒரே கணக்காக் காட்டுவார், பிரிச்சுக் கேளுங்க.

நெட் பில்லிங்னு இன்னொரு ரூல், நீங்க வாங்குற யூனிட் விலை 10ன்னா நீங்க விக்கிற யூனிட்டுக்கு 3 இல்ல 4 தான் தருவாங்க. இங்கதான் காரும் சோலாரும் ஒண்ணுக்கொண்ணு கை கொடுக்குது, பகல்ல மிச்சமாகிற யூனிட்டை 3க்கு விக்கிறதுக்கு பதிலா காருக்குள்ள ஏத்தினா ராத்திரி 10 கொடுத்து வாங்குறது மிச்சம். விக்கவே முடியாத இடமும் உண்டு, மிச்சமானா இன்வெர்ட்டரே உற்பத்தியைக் குறைச்சுக்கும், அங்க மட்டும் உங்க நண்பர் சொல்ற இலவசம் கிட்டத்தட்ட உண்மை.

நாலாவதா ஒரு வேடிக்கையும் இருக்கு. சில நாட்டுல, முக்கியமா பிரிட்டன்ல, எலெக்ட்ரிக் கார் வச்சிருக்கவங்களுக்குன்னே நடுராத்திரி சல்லிசான ரேட் உண்டு, அது பகல்ல சோலாரை விக்கிற ரேட்டை விடக் கம்மியா இருந்தா பகல்ல மிச்சமாகிறதை வித்துட்டு ராத்திரி கிரிட்ல கார் சார்ஜ் பண்றதுதான் புத்திசாலித்தனம். சொந்த வெயில்ல ஓட்டுறேன்னு சொல்லிக்க முடியாது, பர்ஸ் மட்டும் கனமா இருக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய மிச்சம் எது தெரியுமா, பெட்ரோலை விட்டதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 9 யூனிட் சக்தி இருக்கு, அதை எரிச்சு சாதாரண கார் 15 கிலோமீட்டர் போகுதுன்னா எலெக்ட்ரிக் கார் அதே 9 யூனிட்ல 50 கிலோமீட்டர் போயிடும். சோலார் மிச்சம்ங்கிறது அதுக்கு மேல வர்ற ரெண்டாவது, சின்ன மிச்சம். ரெண்டையும் ஒண்ணாக் குழப்பி எல்லாம் சோலாரால வந்ததுன்னு சொல்றவங்க நிறைய.

கேள்வி: வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுவேன். காருக்கு மட்டும் எத்தனை பேனல் வேணும்? மாடில இடம் கம்மி.

பதில்: நீங்க நினைக்கிறதை விடக் கம்மி. நடுத்தர எலெக்ட்ரிக் கார் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் போல எடுக்கும், 12,000 கிலோமீட்டருக்கு 1,920. சார்ஜ் பண்றப்ப 10 சதவீதத்துக்கு மேல சூடாகி வீணாப் போகும், அதையும் சேத்தா பிளக்ல சுமார் 2,150 யூனிட். வெயில் நல்லா இருக்கிற இடத்துல அதுக்கு 1.5 கிலோவாட் போதும், 400 வாட் பேனல்னா நாலு, பேனல் பரப்பு மட்டும் 8 சதுர மீட்டர். நிழல் படாம, நடந்து போய்த் துடைக்க வழி விட்டு வைக்கணும்னா இன்னும் கொஞ்சம் இடம்.

பேனல்ல எழுதியிருக்கிற வாட் கணக்கு, செல்லோட சூடு 25 டிகிரியா இருக்கிறப்ப லேப்ல எடுத்தது. கொளுத்துற மதியத்துல அது 60 டிகிரிக்கு மேல போகும், டிகிரிக்கு 0.3லேர்ந்து 0.4 சதவீதம் குறையும், அதனால வெயில் பின்னி எடுக்கிற நேரத்துலயே பத்து சதவீதத்துக்கு மேல அவுட்டாயிருக்கும். நான் மேல சொன்ன 1,400ல இதெல்லாம் அடக்கம், பயப்பட வேணாம்.

ஆனா நாலு பேனல்ங்கிறது வருஷக் கணக்கு. நெட் மீட்டரிங் இருந்தா வருஷக் கணக்கு போதும். இல்லைன்னா மணிக் கணக்கு பார்க்கணும், அங்க நாலு பேனல் காணாது. ஏன்னு ரெண்டு கேள்வி தள்ளிப் பாருங்க.

கேள்வி: ஐடி வேலை, காலைல 9 மணிக்குக் கார் எடுத்தா வீடு திரும்ப ராத்திரி 8 ஆகும். 5 கிலோவாட் சோலார் இருக்கு, எங்களுக்கு வித்தா கிடைக்கிற ரேட் ரொம்பக் கம்மி. வீட்டு பேட்டரி ஒண்ணு போட்டு பகல்ல அதுல சேமிச்சு ராத்திரி காருக்கு ஏத்தலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறார். பண்ணலாமா மேடம்?

பதில்: மேடம் இல்லம்மா, சார்தான், பரவால்ல. பதில்: காருக்காகன்னா வேணாம்.

10 யூனிட் பேட்டரி ஒண்ணு எடுத்துக்கோங்க. பேட்டரிகளுக்கு பெரும்பாலும் 10 வருஷ வாரண்டி, தினம் ஒரு தடவை ரொப்பி ஒரு தடவை காலி பண்ணா 3,650 தடவை, போகப் போகக் கொள்ளளவு குறையும், ஆக வாழ்நாள்ல அது கைமாத்திக் கொடுக்கிறது சுமார் 32,000 யூனிட். பேட்டரி விலையை 32,000ஆல வகுங்க, அதுதான் ஒரு யூனிட்டை மதியத்துலேர்ந்து ராத்திரிக்குத் தூக்கிட்டுப் போற கூலி. வாங்குற ரேட்டுலேர்ந்து விக்கிற ரேட்டைக் கழிச்சா வர்றதை விட இந்தக் கூலி ஜாஸ்தின்னா அங்கயே கதை முடிஞ்சுது. இதுல சேதாரம் வேற, பேனல்லேர்ந்து பேட்டரிக்கு, பேட்டரிலேர்ந்து காருக்குன்னு ரெண்டு தடவை மாத்துறதுல 10 யூனிட் போனா கார் பேட்டரில 8 தான் போய்ச் சேரும். அந்த 8 யூனிட்டுக்குக் கார் 50 கிலோமீட்டர் ஓடும், அதுக்காக வீட்டு பேட்டரியை முழுசாக் காலி பண்ணிட்டா, வீட்டுல ராத்திரி ஏசிக்கும் லைட்டுக்கும் கிரிட்லதான் வாங்கணும். அப்போ என்னதான் மிச்சமாச்சு? பேட்டரி போட்டா அது வீட்டுக்கு, கரண்ட் போறதுக்குன்னு வேற காரணத்துக்குப் போடுங்க, கார் கணக்குல எழுதாதீங்க.

சனி ஞாயிறு பாருங்க. வாரத்துக்கு 230 கிலோமீட்டர் ஓட்டினா பிளக்ல 41 யூனிட் வேணும். உங்க 5 கிலோவாட் ஒரு நாளைக்கு 20 யூனிட் போலத் தரும், ரெண்டு நாளைக்கு 40, வீட்டுச் செலவு போக 30 மிஞ்சலாம். அதாவது வெயில் இருந்து, அந்த ரெண்டு நாளும் காரை எடுக்காம வீட்டுல இருந்தா. சனி ஞாயிறுதான் குடும்பமாக் கார்ல வெளிய கிளம்புற நாள்ங்கிறதை கணக்குப் போடுறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க.

உங்களுக்கு உண்மையான வழி ஆபீஸ்தான். உங்க கார் 9 மணி நேரம் நிக்கிறது அங்க, வெயில் அடிக்கிறதும் அந்த 9 மணி நேரம்தான். இதுக்கு வேகமான சார்ஜர் கூட வேணாம், சாதாரண 3 கிலோவாட் பாயிண்ட்ல 9 மணி நேரம் சொருகி வச்சா 27 யூனிட், ரெண்டு தடவை சொருகினா வாரம் முழுக்க ஓட்டலாம். கம்பெனிக்காரங்க தயங்குனா இதைச் சொல்லுங்க: நிறைய நாட்டுல மதியத்துல சோலார் கொட்டுது, வாங்க ஆளில்ல. கலிஃபோர்னியால கிரிட் நடத்துறவங்க 2013லயே மதியம் சோலார் போக மீதித் தேவை குழியா விழுந்து சாயங்காலம் செங்குத்தா ஏறுற கிராஃபைப் போட்டுக் காட்டுனாங்க, வாத்து உருவம் மாதிரி இருக்குன்னு அதுக்கு டக் கர்வ்னே பேர் வந்துச்சு. கலிஃபோர்னியா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா கரண்ட் மொத்த விற்பனைச் சந்தைல சில மதியங்கள்ல விலை பூஜ்யத்துக்கும் கீழ போகுது. தெற்கு ஆஸ்திரேலியால காலை 10 மணிலேர்ந்து 3 மணி வரைக்கும் கரண்ட் கொண்டு வர்ற கம்பிக்கான வாடகையைக் குறைச்சு 2020லேர்ந்து சோலார் ஸ்பாஞ்ச்னு ஒரு ரேட்டே வச்சாங்க. பகல் சார்ஜிங் சல்லிசாகப் போகுது, அது உங்க மாடிப் பேனல்லதான் வரணும்னு இல்ல, யாரோ ஒருத்தர் பேனல்லேர்ந்து வந்தா உங்களுக்கென்ன.

கேள்வி: சோலார் மிச்சம் எவ்ளோ இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி தானாக் கூட்டிக் குறைச்சு சார்ஜ் பண்ற ஸ்மார்ட் சார்ஜர் விக்கிறாங்க. விலை சாதாரண சார்ஜரை விட அதிகம். போட்ட காசு திரும்புமா? எங்க வீட்டுல 2 கிலோவாட் சோலார்.

பதில்: 2 கிலோவாட்டுக்கு வேணவே வேணாம். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, விக்கிறவங்க பாதிப் பேருக்குத் தெரியாது. கார்களோட ஏசி கரண்ட் (வீட்டு பிளக்ல வர்ற மாறுதிசை மின்சாரம்) சார்ஜிங்க்கு உலகம் பூரா இருக்கிற ஸ்டாண்டர்டுல குறைஞ்சபட்சம் 6 ஆம்பியர்னு வச்சிருக்காங்க, அதுக்குக் கீழ கார் எடுத்துக்காது. 230 வோல்ட்ல 6 ஆம்பியர்னா 1,380 வாட். த்ரீ ஃபேஸ்னா அதுவே மூணு மடங்கு, 4 கிலோவாட்டுக்கு மேல. உங்க 2 கிலோவாட் பேனல் உச்சி மதியத்துல 1,700, 1,800 தரும், ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஓடுனா மிச்சம் 1,400 தொட்டும் தொடாமலும் நிக்கும், ஒரு மேகத் துண்டு வந்தா சார்ஜிங் நிக்கும், போனா ஆரம்பிக்கும். நாள் முழுக்க இப்படியே டிக் டிக்னு ஆன் ஆஃப் ஆகிட்டு இருக்கும்.

இன்னொரு சமாச்சாரம், சார்ஜ் ஆகிறப்ப காரோட கம்ப்யூட்டர், கூலிங் பம்ப் எல்லாம் முழிச்சுக்கிட்டே இருக்கும், நிறையக் கார்ல அதுவே 200, 300 வாட் தின்னும். 7 கிலோவாட்ல சார்ஜ் பண்ணா அது தூசு. 1.4 கிலோவாட்ல பண்ணா அதுவே 15, 20 சதவீதம். சொட்டுச் சொட்டா ஏத்துறது சிக்கனம்னு நினைச்சு ஏத்துவோம், ஓட்டைப் பெரிசாயிட்டே இருக்கும்.

5 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ இருக்கிறவங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு. வருஷத்துக்கு 1,500 யூனிட் வீட்டுல ஏத்துறீங்க, வெறும் டைமர் வச்சு காலைல 10 மணிக்கு ஆரம்பிச்சா அதுல 1,000 சோலார்ல வருது, ஸ்மார்ட் சார்ஜர் வச்சா 1,350 வருதுன்னு வச்சுப்போம். வித்தியாசம் 350 யூனிட். வாங்குற ரேட்டுலேர்ந்து விக்கிற ரேட்டைக் கழிச்சு 350ஆல பெருக்குங்க, அதுதான் அந்த சார்ஜர் வருஷத்துக்குச் சம்பாதிக்கிறது. சார்ஜருக்குக் கேக்குற எக்ஸ்ட்ரா விலையை அதால வகுத்துப் பாருங்க, வர்ற வருஷக் கணக்கு சார்ஜரோட வாரண்டியைத் தாண்டுச்சுன்னா காருக்குள்ளயே இருக்கிற செட்டிங்ல ஆம்பியரை 8 இல்ல 10க்குக் குறைச்சு, ஆரம்ப நேரத்தைக் காலை 10ன்னு வச்சுட்டு வேலையைப் பாருங்க. முக்கால்வாசி பலன் இதுலயே வந்துடும், செலவு ஒண்ணும் இல்ல. நெட் மீட்டரிங் இருக்கிறவங்களுக்கு ஸ்மார்ட் சார்ஜர் வருமானம் பூஜ்யம்.

கேள்வி: கரண்ட் போனா சோலார்ல கார் சார்ஜ் ஆகுமா?

பதில்: கிரிட்டோட சேர்ந்து மட்டுமே ஓடுற சாதாரண கிரிட் டைடு இன்வெர்ட்டர்னா ஆகாது. கிரிட் போனதும் இன்வெர்ட்டர் தானா ஆஃப் ஆயிடும், கம்பத்துல ஏறி வேலை பார்க்கிற ஆளுக்கு உங்க வீட்டுலேர்ந்து ஷாக் அடிக்கக் கூடாதுங்கிறதுக்காக. மொட்டை மாடில வெயில் கொளுத்தும், கீழ கார் சும்மா நிக்கும். பேக்கப் வசதியுள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தா ஆகும், ஆனா அந்த நேரத்துல வீட்டுக்கு வச்சுக்கறதா காருக்குப் போடுறதான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

கேள்வி: மாடிலயே ஏன் போடணும், கார் மேலயே பேனல் வச்சுட்டா போற வழியெல்லாம் சார்ஜ் ஆகுமே? கம்பெனிக்காரங்க இதை வேணும்னே தடுக்குறாங்கன்னு ஒரு வீடியோல பார்த்தேன்.

பதில்: யாரும் தடுக்கல, செஞ்சு பார்த்துட்டாங்க. ஹூண்டாய் அயானிக் 5ல ஆப்ஷனா 205 வாட் கூரை கொடுத்தாங்க. 205 வாட் நல்ல வெயில் நாள்ல 1 யூனிட் கூட முழுசா வராது, அஞ்சு கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க. நெதர்லாந்து கம்பெனி லைட்இயர், கார் உடம்பு பூரா 5 சதுர மீட்டர் பேனல் ஒட்டி நாளைக்கு 70 கிலோமீட்டர் வரைக்கும்னு சொன்னாங்க, விலை ரெண்டரை லட்சம் யூரோ, 2023 ஜனவரில தயாரிப்பு நின்னு போச்சு. ஜெர்மனில சோனோ மோட்டார்ஸ் அடுத்த மாசமே தன்னோட சோலார் காரைக் கைவிட்டாங்க. ஆஸ்திரேலியாவைக் குறுக்கால கடக்கிற சோலார் கார் பந்தயம் 1987லேர்ந்து நடக்குது, அந்தக் கார்கள் பெரும்பாலும் சோலார்லதான் ஓடுது, ஆனா அதுல பெரும்பாலான கார்ல ஏசியும் கிடையாது, டிக்கியும் கிடையாது, குடும்பத்தோட போக முடியாது.

காரணம் ரொம்ப சிம்பிள். கார் கூரை சின்னது, படுத்த வாக்குல இருக்கும், பாதி நேரம் மரத்தடிலயோ பேஸ்மெண்ட்லயோ நிக்கும். வீட்டு மாடில அதே பேனல் சூரியனைப் பார்த்து சாஞ்சு 25 வருஷம் நிக்கும். இதுல ஒரு கூத்து, அஞ்சு கிலோமீட்டருக்காகக் காரை வெயில்ல நிறுத்துனீங்கன்னா, உள்ள ஏறுன சூட்டைத் தணிக்க ஏசி அந்த யூனிட்டுல ஒரு பங்கைத் தின்னுட்டுப் போயிடும்.

கேள்வி: நான் ரிட்டயர் ஆனவன் தம்பி. காலைல பூரா கார் வீட்டுலதான் நிக்கும். உங்க கணக்குப்படி எனக்குத்தானே ரொம்ப லாபம்?

பதில்: ஐயா, ஒரு யூனிட்டுக்கு எவ்ளோ லாபம்னு கேட்டா உங்களை அடிச்சுக்க ஆளில்ல. மொத்தமா எவ்ளோன்னு கேட்டாதான் சிக்கல். நீங்க வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டுவீங்கன்னு வச்சா பிளக்ல 700 யூனிட் சொச்சம்தான். அத்தனையும் சோலார்ல ஏத்துனாலும் மிச்சமாகிறது 700 யூனிட்டோட வித்தியாசப் பணம், அதை வச்சு எந்த எக்ஸ்ட்ரா கருவியோட விலையையும் எடுக்க முடியாது.

இந்தத் துறைல இருக்கிற பெரிய முரண்பாடே இதுதான். யார் கார் மதியம் வீட்டுல நிக்குதோ அவங்க அதிகம் ஓட்ட மாட்டாங்க, யார் அதிகம் ஓட்டுறாங்களோ அவங்க கார் மதியம் வீட்டுல நிக்காது. ரெண்டும் சேர்றவங்க கொஞ்சப் பேர்தான்: ராத்திரி ஷிஃப்ட் போறவங்க, ராத்திரி டாக்ஸி ஓட்டுறவங்க, வாரத்துல ரெண்டு நாள் வீட்டுலேர்ந்து வேலை பார்த்துட்டு மத்த நாள் தூரமாப் போறவங்க, ஒரு வீட்டுல ரெண்டு எலெக்ட்ரிக் கார் வச்சு மாத்தி மாத்தி சொருகுறவங்க. உங்களுக்கு நான் சொல்றது, புதுசா எதுவும் வாங்காதீங்க, காலைல பேப்பர் படிச்சு முடிச்சதும் சாதாரண பிளக்ல சொருகிடுங்க, சாயங்காலம் கழட்டிடுங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறதால பேட்டரிக்குக் கெடுதல் இல்ல. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரின்னா கம்பெனி மேனுவல்ல சொன்னபடி அப்பப்ப 100 சதவீதம் வரைக்கும் விட்டுடுங்க, கார்ல இருக்கிற சார்ஜ் மீட்டர் சரியாக் காட்டும்.

கேள்வி: கார் பேட்டரிலேர்ந்து ராத்திரி வீட்டுக்கு கரண்ட் எடுக்கலாமாமே? அப்போ வீட்டு பேட்டரியே வேணாமே?

பதில்: எடுக்கலாம். ஜப்பான்ல 2011 சுனாமிக்கு அப்புறம் நிஸ்ஸான் லீஃப் கார்லேர்ந்து வீட்டுக்கு கரண்ட் கொடுக்கிற பெட்டியை 2012லயே வித்தாங்க. மத்த நிறையக் கார்களுக்கான ரெண்டு வழி சார்ஜிங் ஸ்டாண்டர்டு 2022லதான் வந்துச்சு, கார் கம்பெனிகள் மெதுவா சேத்துட்டு வர்றாங்க. ஆசையைக் கிளப்புற கணக்குதான், கார்ல 50, 60 யூனிட் இருக்கும், வீட்டு பேட்டரில 10 இருக்கும். ஆனா அந்த ரெண்டு வழிப் பெட்டி இன்னும் விலை அதிகம், கார் அதை ஏத்துக்கணும், வாரண்டில அனுமதி இருக்கணும், மின்வாரியமும் சரின்னு சொல்லணும். எல்லாம் இருந்தாலும் மதியம் ரொப்பிக்க கார் வீட்டுல இருக்கணும், சாயங்காலம் கொடுக்கவும் வீட்டுல இருக்கணும், பழைய இடத்துக்கே வந்துட்டோம். பெட்டி விலை இறங்குறதுக்கு முன்னாடி இதுக்காகவே கார் மாத்தாதீங்க.

கேள்வி: ஹைவே ஓரமா இடம் இருக்கு. மேல சோலார் ஷெட் போட்டு கீழ ஃபாஸ்ட் சார்ஜர் வச்சா கரண்ட் செலவே இல்லாம பிசினஸ் பண்ணலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்றார்.

பதில்: ஏஜென்ட்டை ஒரு ஸ்கேல் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒரு கார் நிக்கிற இடம் ரெண்டரை மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், 12.5 சதுர மீட்டர். இப்ப வர்ற பேனல் வெளிச்சத்துல சுமார் 20 சதவீதத்தை கரண்டா மாத்தும், ஆக ஒரு காருக்கு மேல 2.5 கிலோவாட்தான் போட முடியும், நாளைக்கு 10 யூனிட். ஃபாஸ்ட் சார்ஜர் ஒண்ணு 60 கிலோவாட்னா, அதை உச்சி வெயில்ல ஓட்டவே 24 கார் நிக்கிற ஷெட் வேணும். சாயங்காலம் 7 மணிக்கு வர்ற காருக்கு என்ன கொடுப்பீங்க?

ஃபாஸ்ட் சார்ஜர்ல காசைத் தின்னுறது யூனிட் விலையை விட மத்ததுதான். உச்ச லோடுக்குத் தகுந்த மாதிரி மாசா மாசம் கட்டுற டிமாண்ட் சார்ஜ், டிரான்ஸ்ஃபார்மர், லைன் இழுக்கிற செலவு, இதெல்லாம் ஒரு நாளைக்கு ரெண்டு கார் வந்தாலும் இருபது கார் வந்தாலும் ஒரே மாதிரி. எத்தனை கார் வரும்ங்கிறதுதான் முதல் கேள்வி, சோலார் மூணாவது நாலாவது. ஷெட் போட்டா பில்லு குறையும், வண்டிக்கு நிழல் கிடைக்கும், அந்த அளவுக்கு எதிர்பாருங்க. ஷெட் சோலாருக்குப் பொருத்தமான இடம் வண்டி நாள் பூரா நிக்கிற இடம், ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, காலேஜ், அங்க மெதுவான சார்ஜர் வரிசையா வச்சா அந்த 10 யூனிட்டே ஒரு காரோட அன்னைய ஓட்டத்துக்குப் போதும். பிரான்ஸ்ல 2023ல சட்டமே போட்டாங்க, 1,500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற பார்க்கிங்ல பாதியைப் பேனல் ஷெட்டால மூடணும்னு.

கேள்வி: பேனல் விலை வருஷா வருஷம் குறையுதே, இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துப் போடலாமா?

பதில்: 2010ல இருந்த விலையோட பார்த்தா பேனல் இப்ப பத்துல ஒரு பங்கு கூட இல்ல. இனி பேனல் பாதியாக் குறைஞ்சாலும் உங்க மொத்த செலவு பாதியாகாது, ஏன்னா ஸ்டாண்டு, வயரு, ஆள் கூலி, அனுமதி இதுதான் பில்லுல பெரும்பங்கு, அது எங்க குறையுது. நீங்க கவனிக்க வேண்டியது விலையை விட ரூலை. கலிஃபோர்னியால 2023 ஏப்ரல்லேர்ந்து புதுசாச் சேர்றவங்களுக்கு விக்கிற ரேட்டை வெட்டிட்டாங்க, நெதர்லாந்துல நெட் மீட்டரிங் 2027 ஜனவரி 1லேர்ந்து கிடையாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. பல இடத்துல ரூல் மாறுறதுக்கு முன்னாடி சேர்ந்தவங்களுக்குப் பழைய ரேட்டைக் கொஞ்ச வருஷத்துக்கு விட்டு வைப்பாங்க, உங்க இடத்துல அப்படி இருக்கான்னு முதல்ல விசாரிங்க.

கேள்வி: கார் எல்லாம் எங்களுக்கு எட்டாதுங்க. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்தான் வச்சிருக்கேன், அதுவும் பகல் பூரா வெளியதான் சுத்தும். சோலார் எனக்கு உதவுமா?

பதில்: இங்க வந்த எல்லாரையும் விட உங்களுக்குத்தான் சுலபம். ஸ்கூட்டர் 1 யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் போல ஓடும், ஒத்தைப் பேனல் 400 வாட் நாளைக்கு 1.6 யூனிட் தரும், சேதாரம் போக 40 கிலோமீட்டர். கழட்டுற மாதிரி பேட்டரின்னா ரெண்டாவது பேட்டரி ஒண்ணு வாங்கி அதைப் பகல்ல வீட்டுல சொருகி வச்சுட்டு இன்னொண்ணுல சுத்துங்க, கார்காரங்களால இதைப் பண்ணவே முடியாது. ஆனா ரெண்டாவது பேட்டரி விலையை முதல்ல கேளுங்க. நீங்க நாளைக்கு 1 யூனிட்தான் எரிக்கிறீங்கன்னா அது வருஷத்துக்கு 365 யூனிட், உங்க பில்லு ரேட்டால பெருக்கிப் பார்த்துட்டு கடைக்குப் போங்க.